சந்தனப் பொட்டு வைத்த ஸ்மார்ட் போர்டு

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை வெங்கடேஷுக்கு,

அத்தான் சங்கரசுப்பு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு உன் அக்கா யோகலட்சுமியும் உன் மருமகள் காவியாவும் நல்ல சுகம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உன் சுகத்தை அறிய ஆவல். என் சுகத்தை மட்டும் கேட்காதே. போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் காவியா படிக்கிற ஏழாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. விரலால் தொட்டால் எழுதுமாம், உள்ளங்கையால் தேய்த்தால் அழியுமாம். பயிற்சிக்குப் போன அன்று கரண்ட் இல்லாததால் இருட்டுப் போர்டைக் காட்டியே எல்லாவற்றையும் விளக்கி அனுப்பிவிட்டார்கள். ஒரு கீறல் விழுந்தாலும் நான்தான் பொறுப்பு என்று தலைமையாசிரியை பிரேமலதா கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து உன் அக்காவின் பழைய சேலையால் அதை மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற கரும்பலகையில்தான் கணக்கு நடத்தி வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பயம் இருக்கிற இடத்தில் பக்தி கொஞ்சம் கூடத்தானே செய்யும்? பீரோவுக்கும் பெல்லுக்கும் ஒரு பொட்டு வைத்த நான், போர்டின் சட்டம் முழுக்கச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் சாத்தி, ‘என்னை மட்டும் கைவிட்டுராதே’ என்று கும்பிட்டேன். லீவு முடிந்து வந்து, கும்பிட்ட தைரியத்தில் மாலையை எடுத்துவிட்டு ஆன் பண்ணினால் மாப்ள, அது தானா கோடு போடுது! பின்னக் கணக்கு பக்கத்தைத் திறந்தால் அதுவா அடுத்த பக்கம் ஓடுது, திரும்பி வருது. “சார், பேய் எழுதுது சார்!” என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். நானும் ஓடியிருப்பேன், ஆனால் முதல் பெஞ்சில் காவியா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண் வாங்கிக் குழைத்துச் சட்டத்தில் பூசினேன். அதற்கப்புறம் பத்துப் பேர் சேர்ந்து கிறுக்குவது மாதிரி கிறுக்க ஆரம்பித்துவிட்டது.

அறிவியல் டீச்சர் எப்சிபா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “சார், இந்தச் சட்டத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கயும் நெடுக்கயும் ஓடுது. அதை எது மறைச்சாலும் விரல்னுதான் போர்டு நெனைக்கும். நீங்க இத்தனை விரலை ஒட்டி வச்சிருக்கீயளே!” என்று சொல்லி, ஈரத்துணியால் சந்தனத்தையும் மண்ணையும் துடைத்தார். போர்டு அமைதியாகிவிட்டது. எனக்குத்தான் அமைதி இல்லை.

ஏனென்றால் வியாழக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், நான்தான் அந்தப் போர்டில் பாடம் நடத்த வேண்டும். தப்பான இடத்தில் தொட்டு அது மறுபடியும் ஆட ஆரம்பித்தால்? பிள்ளைகள் சிரிக்கட்டும், பரவாயில்லை. காவியா முன்னால் தலைகுனிந்து நிற்க என்னால் ஆகாது மாப்ள. ரொம்பப் பயமாயிருக்கு. நாளைக்கே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். நீ தடுக்க வேண்டாம், கிளம்பியும் வர வேண்டாம்.

நீ நோய் நொடி இல்லாமல், சீக்கிரம் ஒரு கல்யாணமும் ஆகி, நன்றாக இருக்க வேண்டும் என்று சங்கரநாராயணரையும் கோமதி அம்பாளையும் வேண்டிக்கொள்ளும்,

உன் அத்தான்
சங்கரசுப்பு

பின்குறிப்பு: ஓய்வு கீய்வு எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படி. இதைத் தபாலில் போடும் முன் இன்று புதன்கிழமையே அதிகாரி வந்து நின்றுவிட்டார். எனக்குப் போர்டைத் தொடக் கை வரவில்லை. “மாரிக்கண்ணா, நீ வா. முருகம்மா, அவன் போட்டது சரியான்னு நீ பாரு” என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கி நின்றேன். பிள்ளைகள் பின்னத்தைப் பிடித்து இழுத்து, திரையில் தெரிந்த ரொட்டிப் படத்தை வெட்டி, சண்டை போட்டு, கணக்கை முடித்தே விட்டார்கள். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, “வாத்தியார் நீங்க ஒதுங்கிப் பிள்ளைகள் கையில போர்டைக் குடுத்தீங்க பாருங்க, இதுதான் சரியான முறை!” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் காவியா மட்டும், “அப்பா, நீங்க போர்டைத் தொடப் பயந்தத நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

இப்போது என்னைப் பயிற்சியாளராகப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை மேலநீலிதநல்லூரில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் நான் இந்தப் போர்டில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எதிரே உட்காரப்போவது பூராவும் வாத்தியார்கள், கூப்பிட ஒரு பிள்ளைகூட இருக்காது. எல்லாருமே என்னை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள் மாப்ள. எனக்கு இந்தப் போர்டைச் சொல்லிக் கொடுக்க உடனே பஸ் ஏறு.