உறுமும் பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம்

"உங்க விலாசம் என்கிட்ட இருக்கு சார். அஞ்சு நட்சத்திரம் போடுங்க. இல்லன்னா நேர்ல பேசிக்கலாம்."

நூலகர் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தி வைத்தால் கருநாகம் அதன் வழியாக எட்டிப் பார்த்துவிடுவான் என்று தோன்றியது.

கருநாகம் என்பது இணைய ஏலத்தில் அவருக்குப் பழைய பாட்டுப்பெட்டியை விற்றவன் வைத்துக்கொண்டிருந்த பெயர். படத்தில் பளபளவென்று இருந்த பெட்டி, வீட்டுக்கு வந்ததும் உர்ரென்று உறுமியது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உறுமியது. "பெட்டி பாடவில்லை, தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று நூலகர் எழுதியதற்குத்தான் இந்தப் பதில். எடுத்துப்போன புத்தகத்தை ஒரு வருஷமாகத் திருப்பித் தராதவர்களுக்கும் அவர் மன்னிப்புக் கேட்டுத்தான் கடிதம் எழுதுவார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலோடு கிளம்பிக்கொண்டிருந்தவள் செய்தியைப் படித்தாள்.

"வரச் சொல்லுங்க. நானே பேசறேன்."

"விளையாடாதே. பேரே கருநாகம்."

"பாம்பு எங்கயாவது நட்சத்திரம் கேக்குமா? ஒண்ணு போடுங்க, போதும்."

"ஒண்ணு போட்டா அவன் வருவான். நீ மைதானத்துல இருப்பே. கதவத் திறக்கப்போறது நான்."

அவள் போனதும் ஐந்து நட்சத்திரம் போட்டார். வெறும் நட்சத்திரத்தைப் பார்த்தால் வேண்டாவெறுப்பாகப் போட்டான் என்று நினைத்துவிடுவானோ? 'கம்பீரமான குரல்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "சரி, இத என்ன பண்றதா உத்தேசம்?"

"நாமளும் ஏலத்துல விட்டுடலாம்."

"பழுதுன்னு எழுதி விடுங்க."

"எப்படி எழுதறது? மூலையில இருக்கற கீறலப் பாத்தா அவன் பெட்டின்னு அவனுக்குத் தெரியாதா? கெட்டுப்போனதக் கொடுத்தான்னு ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும்."

'நல்ல நிலையில்' என்று எழுதினார். தன் பேரை மறைக்கப் புதுப் பேர் ஒன்றும் வைத்துக்கொண்டார்.

"யாருங்க இது, ஒத்தைக்கண்?"

"நான்தான். இந்தப் பேரப் பாத்தா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

"கண்ணாடி இல்லன்னா உங்களுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதே."

இரண்டே நாளில் பெட்டி ஏலம் போனது. எடுத்தவர் பேரைப் பார்த்ததும் நூலகர் உட்கார்ந்துவிட்டார். புலிநகம்.

பெரிய மீசை வைத்த கூரியர்காரர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான்காம் நாள் செய்தி வந்தது: "பெட்டி உறுமுது. காசு திரும்ப வரணும்."

"கொடுத்துடுங்க. விட்டது சனி," என்றாள் மனைவி.

"கொடுத்தா பெட்டி திரும்பி வந்துடுமே. மறுபடி விக்கணும். இன்னிக்குப் புலி, நாளைக்குச் சிங்கம்."

"அப்ப நீங்களும் ஒரு அதட்டு அதட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

நூலகருக்கு அதட்டிப் பழக்கமில்லை. முதலில், 'தாங்கள் தயவுகூர்ந்து பயப்படவும்' என்று எழுதினார். படித்துப் பார்த்து அழித்தார். கடைசியில் கருநாகம் அனுப்பியதை எழுத்து மாறாமல் எடுத்து அப்படியே அனுப்பினார். அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் ஐந்து நட்சத்திரம் வந்தது. கூடவே ஒரு வரி: 'கணீரென்ற சாரீரம்.'

மனைவி வந்ததும் காட்டினார்.

"அதான் போட்டுட்டானே. இன்னும் ஏன் வேர்க்குது உங்களுக்கு?"

"புலிநகம் இவ்வளவு சீக்கிரம் பணிஞ்சு போவானா? என்னை அசர வச்சுட்டு நேர்ல வரப்போறான்."

மறுநாளிலிருந்து நூலகத்துக்கு லீவு போட்டார். திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். கதவுக்கு முட்டுக்கொடுத்து நாற்காலியைப் போட்டார். மனைவியின் ஹாக்கி மட்டையைக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தால் புலிநகத்துக்கு இன்னும் கோபம் வரும் என்று தோன்றவே, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அழைப்புமணி அடித்தது.

நூலகர் நாற்காலியை இன்னும் இறுக்கி முட்டுக்கொடுத்தார். மணி மறுபடி அடித்தது.

"சார், கூரியர்."

நாற்காலியை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டு, சங்கிலியை எடுக்காமல் கதவை ஒரு விரற்கடை திறந்தார். பெட்டியை எடுத்துப்போன அதே மீசைக்காரர். பின்னால் வண்டி நின்றது. வேறு யாரும் இல்லை.

"மேடத்துக்குப் பந்து வந்திருக்கு சார். கையெழுத்து."

கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அது எங்கோ ஆரம்பித்து எங்கோ போயிற்று.

"அந்தப் பெட்டி…" தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அத வாங்கின புலிநகத்த நீங்க பாத்தீங்களா? ஆள் எப்படி? வாட்டசாட்டமா இருப்பானா?"

கூரியர்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் சார், அவர் ஏலத்துல வித்த அதே பெட்டிய எடுத்துக்கிட்டு வர்றேன். கருநாகத்துக்கும் முன்னாலேர்ந்து இதோட ஆறு வீட்டுக்குத் தூக்கிட்டேன், எல்லாரும் உங்களாட்டமே சங்கிலிய எடுக்காம, அழாக்குறையா, இதத்தான் கேக்குறாங்க. புலிநகமும் கேட்டாரு, 'அந்த ஒத்தைக்கண் ஆள் எப்படி, வாட்டசாட்டமா இருப்பானா'ன்னு."