ஸ்டேஷனுக்கு உறுப்பினர் ஒருவர் செல்வார்

என் வாழ்க்கையில் நான் வகித்த ஒரே பதவி தலைவி. மொத்தம் பத்து வாரம். (ஆறாம் வகுப்பில் லீடராக இருந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். முதல் நாளே என் பெயரை நானே எழுதும்படி ஆகிவிட்டது.) அந்தப் பத்து வாரத்தில் செய்த காரியத்தைச் சொன்னால், இனி யாரும் எனக்குப் பதவி தர மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

2004-ல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குச் சொன்னது அப்படி. உண்மையில் இரண்டு தேர்வுகளில் தோற்று, காலை வணக்கத்தைத் தவிர யாரிடமும் எதுவும் பேசாமல், மழையும் இருட்டுமான ஒரு நவம்பரை ஹாஸ்டல் அறைக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போனில் சொல்ல ஒரு நல்ல செய்திகூட இல்லை. அப்போதுதான் வேறொரு நகரத்தில் இருந்த தமிழ் மாணவியர் மன்றம் எங்கள் ஊரில் ஒரு கிளை தொடங்க விரும்பியது. "யாராவது தலைவியா..." என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் கை தூக்கிவிட்டேன். அன்றைக்கே அம்மாவுக்குச் சொல்லியாயிற்று.

சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றது ஜெர்மன் சட்டம். ஊரெல்லாம் தேடி, என்னையும் சேர்த்துத் தமிழ்நாட்டு மாணவிகள் சரியாக ஏழு பேரைப் பிடித்தேன். பதவி இல்லாமல் யாரும் வர மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியாததா? செயலாளர், துணைச் செயலாளர், கலைச் செயலாளர் என்று ஆளுக்கொன்று கொடுத்தேன். ஏழு பேருக்கும் பதவி வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கிளையின் முதல் பணியாக சுகந்தி வந்தாள். தஞ்சாவூர்ப் பெண். விசா தாமதமாகி, வகுப்புகள் தொடங்கிய பிறகு தனியாக வருகிறாள். அவளுடைய அப்பாவுக்கு அனுப்ப மனமே இல்லை. போனில் நான்தான் வாக்குக் கொடுத்தேன், "உங்க பொண்ணு எங்க பொறுப்பு சார்" என்று. அவர் ஒரே நிபந்தனை வைத்தார். போய்ச் சேர்ந்ததும் நம் ஊர் நேரம் எட்டு மணிக்குள் போன் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த விமானத்தில் திரும்பி வரச் சொல்லிவிடுவார். சொன்னால் செய்கிற குரல் அது. எட்டு மணி என்றால் எங்களுக்கு மாலை மூன்றரை. ரயில் ஒரு மணிக்கே வந்துவிடும், கவலையே வேண்டாம் என்றேன். சுகந்திக்கும் என் போன் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: "பிளாட்ஃபாரத்தை விட்டு நகராதே. நம்ம ஆள் வருவாங்க."

செயற்குழு கூடியது. வரவேற்பு எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். வாசலில் கோலம், ஆரத்தி, கேசரி, தலைவி உரை. (உரை நான்கு பக்கம். ஒரே ஒரு பெண்ணை வரவேற்க.) கடைசியாக, ஸ்டேஷனுக்கு யார் போவது என்று வந்தது. பெட்டி தூக்குவது செயற்குழு வேலையா? தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்: "ஸ்டேஷனுக்கு உறுப்பினர் ஒருவர் செல்வார்." ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

சுகந்தி வரும் நாள் மதியம் என் ஹாஸ்டலில் ஒத்திகை. உரைக்கு நடுவே போன் அடிக்கக் கூடாது என்று எல்லோருடைய போனையும் வாங்கி, இட்லிப் பானைக்குள் போட்டு மூடி, துணியும் சுற்றி வைத்தேன். இரண்டு மணிக்கு ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றோம். மழையில் கோலம் கரைந்தது. ரயில் தாமதமாக இருக்கும் என்று உள்ளே வந்து மறுபடி ஒத்திகை பார்த்தோம். மூன்றரைக்குச் செயலாளர் பாத்திமா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா, பிக்கப்புக்கு யாருப்பா போயிருக்கா?"

செயற்குழு ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சங்கத்தில் உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை.

பானையைத் திறந்தால் என் போனில் பதினோரு தவறிய அழைப்புகள், எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. திருப்பிக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிளாட்ஃபாரத்திலேயே இருக்கும் பொதுத் தொலைபேசி அது. பாத்திமாவும் நானும் டிராம் பிடித்து ஓடினோம். பட்டுப்புடவைக்கு மேல் குளிர் ஜாக்கெட், கையில் ஏனோ ஆரத்தித் தட்டு. பிளாட்ஃபாரத்தில் யாரும் இல்லை. தஞ்சாவூரில் மணி எட்டரை ஆகிவிட்டது. ஒரு தகப்பனிடம் வாங்கிய பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது போன் அடித்தது. அறியாத பெண் குரல்.

"நீங்களோ அந்தச் சங்கத் தலைவி? பிள்ளை என்ர வீட்டிலதான் நிக்கிறா. ஆறுதலா வாங்கோ."

(ஆறுதலா என்றால் யாழ்ப்பாணத்தில் மெதுவாக என்று அர்த்தம். என்னால் இரண்டு வகையிலும் முடியவில்லை.)

போனில் பேசிய தவமணி அக்கா அதே பிளாட்ஃபாரத்தில் ரொட்டிக் கடையில் வேலை செய்பவர். இரண்டு பெட்டிகளோடு விறைத்துப்போய் நின்ற பெண்ணை இரண்டு மணி நேரமாகக் கடைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். வேலை முடிந்ததும், பக்கத்துத் தெருவிலேயே இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் போனபோது சுகந்தி அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நகரக் கூடாதுன்னு சொன்னீங்கல்லக்கா. டாய்லெட்கூடப் போகாம நின்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்பாவுக்குப் போன் பண்ணியாச்சா என்று தவமணி அக்காவிடம்தான் கேட்டேன்.

"ஓம், மூண்டரைக்கு முன்னமே தேப்பனோட கதைச்சிட்டன். என்னைத்தான் தலைவி எண்டு நினைச்சுக்கொண்டு நன்றி சொல்லுறார். இல்லையெண்டு சொன்னால் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்டிடுவார். அதால நானும் ஓம் எண்டிட்டன்."

நான்கு பக்க உரையை யாரும் கேட்கவில்லை. கேசரியைப் பாத்திமா கொண்டுவந்து அக்கா வீட்டில் வைத்தாள். அடுத்த கூட்டத்தில் நான் ராஜினாமா செய்தேன்; ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பொங்கலுக்குத் தஞ்சாவூரிலிருந்து தலைவிக்கென்று ஒரு பட்டுப்புடவை சங்கத்தின் முகவரிக்கு, அதாவது என் ஹாஸ்டல் அறைக்கே வந்தது. அதை டிராமில் கொண்டுபோய்த் தவமணி அக்காவிடம் கொடுத்தேன். புடவை மிக நல்ல நிறம். வழியெல்லாம் அழுகையாக வந்தது.

நான்கு வருடம் கழித்து, பக்கத்து ஊரான வால்டோர்ஃபில் மென்பொருள் வேலைக்கு வந்த என் தம்பி சுகந்தியைக் காதலித்துத் தொலைத்தான். தஞ்சாவூரில் கல்யாணம். சுகந்தியின் அப்பா மேடைக்கு வரவழைத்து மாலை போட்டது தவமணி அக்காவுக்கு. "என் பொண்ணைக் காப்பாத்தின தலைவி" என்று மைக்கில் சொன்னார். மாப்பிள்ளையின் அக்காவான நான் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தவமணி அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். பேசாதே என்று நான்தான் ஜாடை காட்டினேன்.

அந்த மனிதர் போய்ச் சேரும்வரை அவருக்கு உண்மை தெரியாது. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் யாரையாவது அழைத்துவர நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினால் சுகந்தி சமையலறையிலிருந்தே கேட்பாள், "அண்ணி, தலைவியா போறீங்களா, உறுப்பினராவா?"

உறுப்பினராகத்தான் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். ஆள் வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். டாய்லெட்கூடப் போவதில்லை.