கார்டுப் பெயர்ச்சிப் பலன்கள்

அந்த வெள்ளிக்கிழமை காலை தில்லை நகரில் மாதவனின் அலுவலகப் படிக்கட்டில் நிற்க இடமில்லை. சினிமா நடிகர் யாரும் வரவில்லை. பலகைச் சித்தர் அழகர்சாமி வருகிறார். ஸ்ரீரங்கத்தில் ஆன்லைன் டியூஷன் நடத்தும் அம்மாள், கண்டோன்மென்ட்டில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவர், துறையூரிலிருந்து பஸ் பிடித்து வந்த கோச்சிங் சென்டர்காரர் என்று முப்பது பேர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் படித்தவர்கள்தான். படிக்காதவர்களுக்கு இந்த அளவு துணிச்சல் வராது.

மாதவன் தொழிற்சாலைகளுக்கு ஆன்லைன் பாடம் தயாரித்துக் கொடுப்பவர். எந்தப் பாடம் யார் கையில் இருக்கிறது என்று காட்ட இணையத்தில் ஒரு வேலைப் பலகை வைத்திருந்தார். ஒரு பாடத்துக்கு ஒரு கார்டு. 'எழுத வேண்டியது', 'திருத்தத்தில்', 'முடிந்தது' என்று மூன்று கட்டங்கள். வேலை நடந்தால் கார்டை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். மாதவனின் கார்டுகள் நகரவே இல்லை. ஒன்பது பேர் செய்ய வேண்டிய வேலைக்கு மூன்று பேரை வைத்திருந்தால் எப்படி நகரும்? ஆனால் இந்தக் காரணம் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் தேடினார்.

போன மாதம் சித்தர் அந்தத் திரையைப் பார்த்து, "உங்க கட்டம் சரியில்லீங்க" என்றார். அவ்வளவுதான், மாதவன் உருகிப்போனார். ஜாதகத்திலும் கட்டம், பலகையிலும் கட்டம். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? 'திருத்தத்தில்' கட்டத்தில் சனி குடியிருக்கிறானாம். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்து மணி பன்னிரண்டு ஆனதும் கார்டுகள் தாமாகவே 'முடிந்தது' கட்டத்துக்குப் பெயர்ச்சி ஆகுமாம். அதற்குப் பரிகாரம், எல்லாக் கார்டுக்கும் அன்றைய பன்னிரண்டு மணியைக் கெடுவாகப் போடுவது, லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழம் சுற்றுவது, பலகையின் பாஸ்வேர்டைச் சித்தர் காதில் ஓதுவது. வழக்கமாகச் சாமியார்தான் மந்திரத்தைப் பக்தன் காதில் ஓதுவார். இங்கே பக்தன் ஓதினான், சாமியார் குறித்துக்கொண்டார். மறுநாளே, தீட்டுப் படக்கூடாது என்று கார்டை நகர்த்தும் உரிமையை ஊழியர்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

பாடம் எழுதும் மூன்று பேரில் ஒருத்தியான சுபலட்சுமி நேரே மாதவனின் மேஜைக்குப் போனாள். அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குப் புது பிரஸ் மிஷின் வந்திருந்தது. இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைக்கிற மிஷின். தகட்டுக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதை ஓட்டப் போகிறவர்களுக்கான பாடத்தைப் பாதிதான் எழுதியிருந்தாள். கார்டு 'முடிந்தது' கட்டத்துக்குப் போனால் பட்டறைக்குப் பாடம் தானாகவே மெயிலில் போய்விடும், அவர்களும் ஆளை மிஷினில் நிறுத்திவிடுவார்கள் என்று மாதவனிடம் சொன்னாள். அந்த ஒரு கார்டையாவது எடுத்துவிடும்படி கெஞ்சினாள். ஒரு கிரகத்தை உருவினால் கட்டமே சரிந்துவிடும் என்று மாதவன் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டறைக்கு இரண்டு முறை போன் செய்து பார்த்தாள். அங்கிருந்த இரைச்சலில் யாரும் எடுக்கவில்லை. புதுக் கார்டு போடும் உரிமை மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது. பேசாமல் ஒன்றைப் போட்டு, அதற்கும் பன்னிரண்டு மணிக் கெடு வைத்தாள்.

பன்னிரண்டு ஆனது. சித்தர் கண்ணை மூடினார். பெரிய திரையில் கார்டுகள் ஒவ்வொன்றாக, தொட ஆளில்லாமல், 'முடிந்தது' கட்டத்துக்குள் போய் விழுந்தன. கைதட்டல் அடங்கவே இல்லை. டியூஷன் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசிக் கார்டைக் கொஞ்சம் படிங்க சார்" என்றாள் சுபலட்சுமி.

மாதவன் பெருமையோடு உரக்கப் படித்தார். "மலைக்கோட்டையைப் பெயர்த்து ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வைத்தல். பொறுப்பு: அழகர்சாமி. நிலை: முடிந்தது."

முப்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மலைக்கோட்டை இருந்த இடத்தில்தான் இருந்தது. கோச்சிங் சென்டர்காரர் மட்டும், லேசாகத் தள்ளியிருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். டியூஷன் அம்மாள் மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்டேஷன் பக்கம் மலை ஏதாவது வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கச் சொன்னார். சூட்சுமமாக நகர்ந்திருக்கிறது, ஊனக்கண்ணுக்குத் தெரியாது என்றார் சித்தர்.

சுபலட்சுமி பலகையின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். மாதவன் திறந்தார். அங்கே ஒரே ஒரு விதி இருந்தது: கெடு நேரம் வந்ததும் கார்டை 'முடிந்தது' கட்டத்துக்கு மாற்று. போட்டவர் பெயர் அழகர்சாமி. பலகை வைத்திருக்கும் எவரும் போட்டுக்கொள்ளலாம், எலுமிச்சம்பழம்கூட வேண்டாம்.

"சனியாவது பெயர்றதுக்கு ரெண்டரை வருஷம் எடுத்துக்குவார் சார். இவருக்குப் பாஸ்வேர்டு கிடைச்சா ரெண்டே நிமிஷம்."

பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்ட சித்தர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார். எது எப்படியோ, வந்தவரால் ஆபீசுக்கு ஒரு களை வந்ததல்லவா என்று மாதவன் இழுத்தார். அதற்குள் போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"சார், அரியமங்கலம் பட்டறைலேர்ந்து வீராயி பேசுறேன். பாடத்துக்கு அடியில இந்த நம்பர் போட்டிருந்துச்சு. பாடம் முடிஞ்சு வந்துருச்சுன்னு சூப்பர்வைசர் என்னைய மிஷின்ல நிக்கச் சொல்றாரு. தகட்டை எங்க வைக்கிறதுன்னு போட்டிருக்கு. மிஷினை எந்த சுவிட்சுல நிறுத்துறதுங்கிற எடத்துல 'இங்கே படம் வரும்'னு போட்டிருக்கு. அந்தப் படம் எப்ப சார் வரும்?"

மாதவன் போனை வாயருகே வைத்துக் கத்தினார். "வைக்காதீங்கம்மா. கையை வைக்காதீங்க. பாடம் இன்னும் எழுதி முடிக்கவே இல்ல."

"அதான் நானும் வைக்கல" என்றாள் வீராயி. "முடிஞ்சுருச்சுன்னு யாரோ சொன்னா, அப்படியே கையைக் குடுத்துருவாங்களா சார்?"

லேப்டாப்போடு நின்ற முப்பது பட்டதாரிகளும் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வீராயியின் பத்து விரலும் பத்தாகவே இருக்கின்றன. எந்தக் கிரகமும் வந்து காப்பாற்றவில்லை. அவள் கேட்டாள், பிழைத்தாள். கட்டம் பார்க்கத் திரண்டு வந்த கனவான்களே, நல்ல நேரம் பார்க்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: கேள்வி கேட்பது.