காந்தையா கண்டுபிடித்த கட்டி

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்! ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் தெருமுனைவரை நின்றார்கள். இரவெல்லாம் கழிப்பறைக்கு ஓடுகிறவர்கள் அல்லவா? வரிசையிலிருந்தும் ஓடி ஓடித் திரும்பினார்கள்.

உள்ளே காந்தையா. நேற்றுவரை ஒலிபெருக்கி பழுதுபார்த்தவர். இப்போது வைத்தியம் பார்க்கும் காந்தமும் ஓர் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியதுதான்.

"எம்.ஆர்.ஐ. ஸ்கேன்லயும் காந்தம், என் கையிலயும் காந்தம். அது தடதடன்னு கத்தும், இது அமைதியா பேசும். அவ்வளவுதான்!"

கைதட்டல். விமானத்துக்கும் இறக்கை, கொசுவுக்கும் இறக்கை, அதற்காக இரண்டும் ஒன்றா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தலைமுதல் கால்வரை போர்த்திப் படுக்க வேண்டும். முகம் தெரிந்தால் காந்தத்துக்குக் கூச்சமாம்! நூலில் தொங்கும் காந்தம் அடிவயிற்றின்மேல் ஆடினால், புராஸ்டேட் சுரப்பியில் கட்டி. காந்தம் ஆடாத ஆளே கிடையாது. கட்டியைக் கரைக்கக் காந்தம் ஊறிய தண்ணீர்.

பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அதைத்தான் குடித்துவந்தார். ரத்தப் பரிசோதனையில் சந்தேகப்பட்டு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தார். ஊரையே ஏற்றி இறக்கியவருக்கு அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுக்கப் பயம்.

"பாதி கரைஞ்சிடுச்சாம்டி."

"அப்புறம் ஏங்க ராத்திரி பூரா நடக்கிறீங்க?" என்றாள் மனைவி. "நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் காந்தையா வருமுன், அங்கிருந்த திரைக்குப் பின்னால் கணவரைத் தள்ளினாள். அவருடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் அவளே படுத்தாள்.

காந்தையா வந்தார். காந்தம் ஆடியது. தலைகால் தெரியாமல் ஆடியது.

"ஐயோ அண்ணே! எலுமிச்சை அளவு கட்டி! உங்க புராஸ்டேட் கதறுது!"

போர்வை பறந்தது.

"பொம்பளைக்கு ஏதுய்யா புராஸ்டேட்?"

காந்தையா காந்தத்தைப் பைக்குள் திணித்தார். "அது... புருஷன் கட்டி பொண்டாட்டி மேல தெரியும்மா..."

"அப்ப மருந்தை என் மாமியார் குடிக்கணுமா?"

வரிசையே வெடித்துச் சிரித்தது. அடக்க முடியாத சிலர் சிரித்தபடியே கழிப்பறைக்குப் பறந்தார்கள். காந்தையா பின்பக்கம் ஓடினார். பையிலிருந்த காந்தம் இரும்புக் கதவில் 'டக்'கென்று ஒட்டி அவரைப் பிடித்து நிறுத்தியது. அது முதன்முதலாகச் சரியாகக் கண்டுபிடித்தது அந்த இரும்பைத்தான்!

அந்த வாரமே ஓட்டுநர் குழாய்க்குள் படுத்தார்.

"என் பழைய வண்டி இதைவிடக் கத்தும்டி," என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

படத்தில் சிறு புள்ளி தெரிந்தது. அந்த இடத்தில் ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பநிலை. சிகிச்சை முடிந்து, இப்போது மனைவியைவிடச் சத்தமாகக் குறட்டை விடுகிறார்.

நோயைச் சொல்ல வெட்கம், ஏமாற மட்டும் வெட்கமில்லை. ஐயாமாரே, கொஞ்சம் யோசித்து, மாற்றி வெட்கப்படுங்களேன்!