நாசிலை ஊதிய கதை

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என் கையில் இருந்ததெல்லாம் பூச்சிமருந்து டேங்கின் கைப்பிடிதான். நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் காடுகளில் கூலிக்கு மருந்தடிக்கிறேன்.

மருந்து பீய்ச்சும் நுனியை நாங்கள் நாசில் என்போம். அது அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவது எங்கள் கெட்ட பழக்கம். அப்படி ஊதி ஊதி ஒருநாள் தலைசுற்றி வரப்பில் விழுந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி சரசு நேராகக் கோயிலுக்கு இழுத்துப்போனாள். இனி ஊதமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். மீறினால் டேங்கை விற்றுவிட்டு அவளோடு களைவெட்டப் போக வேண்டும். (மீறிக்கொண்டுதான் இருந்தேன். காட்டில் யார் பார்க்கிறார்கள்?)

போன வருடம் ஊரில் மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. செய்து காட்ட வேளாண்மை அதிகாரியம்மா என்னைப் பிடித்தார். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று நாற்பது பேர். முன்வரிசையில் சரசு.

கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் மாட்டி, நிலாவுக்குப் போகிறவன்போல நின்றேன். எங்கெல்லாம் படுகிறது என்று தெரிவதற்காக, மருந்துக்குப் பதில் சிவப்புச் சாயத் தண்ணீர்.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "காத்துக்கு எதிரா அடிக்கக் கூடாதுங்க. நாசில் அடைச்சா வாயால ஊதவே கூடாதுங்க."

சரசு பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். "எங்கூட்டுக்காரரு!"

அடிக்க ஆரம்பித்தேன். சாயக் கட்டி போய் நாசிலில் அடைத்துக்கொண்டது. கூச்சத்தில் மூளை நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. அது முகமூடியை இறக்கியது, நாசிலைக் கழற்றியது, வாயில் வைத்தது. ப்ஹூ!

"பாத்தீங்களா, இப்படித்தான் செய்யக் கூடாது" என்று அதிகாரியம்மா சமாளித்தார். கூட்டமும் நம்பிக் கைதட்டியது. சரசு மட்டும் எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, ஒதட்டக் காட்டுங்க."

காட்டினேன். ரத்தச் சிவப்பு.

"பழக்கமில்லாத வாயி இத்தன சுளுவா ஊதுமா? எத்தன நாளா நடக்குது?"

"தெ… தெனமுங்க." (பயத்தில் பெண்டாட்டிக்கே 'ங்க' போட்டுவிட்டேன்.)

டேங்கை விற்கத் தூக்கிவிட்டாள். அதிகாரியம்மா கெஞ்சி, ஒரு பழைய பல் பிரஷ்ஷைக் கொடுத்தார். நாசிலை இனி அதில்தான் தேய்க்க வேண்டும். சரசு அதை டேங்கிலேயே கயிறு போட்டுக் கட்டினாள், மூன்று முடிச்சு.

இன்றும் காட்டிலிருந்து வந்தால், உடம்பைக் கழுவியதும் உதட்டுப் பரிசோதனை. மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் "சிரிங்க" என்றபோது மணப்பெண்ணே கத்தினாள், "அப்பா, ஒதட்டக் காட்டுங்க!"

இதோ, இந்தப் பேனாவும் அடைத்துக்கொண்டது. ரீபிளைக் கழற்றி வாய்க்குக் கொண்டுபோனேன். அடுப்படியிலிருந்து, "ஏனுங்க!"

ஆடி 18, ஞாயிற்றுக்கிழமை. (பென்சிலில்.)