முதலைக்கு மெழுகுதிரி

கல்முனை,
8.2.1954

மட்டக்களப்பில் உபதேசியாராய் இருக்கும் அன்புள்ள மச்சான் சுவாம்பிள்ளைக்குச் சவிரிமுத்து எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் தங்கச்சி செசிலியின் இழுப்பும் தேவதாயின் தயவால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு சுகம். மற்றது ஒன்றும் சுகமில்லை.

நம்முடைய கோயில் சுவரில் நான் கீறிய அர்ச். மிக்கேல் சம்மனசின் படத்துக்கு வருகிற சனிக்கிழமை சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள். நீங்கள் உடனே மேற்றிராணி ஆண்டகையைக் கண்டு அதை நிறுத்தவேண்டும்.

சம்மனசின் காலடியில் பசாசின் உருவாய் ஒரு வலுசர்ப்பம் வேண்டும் என்றார் சுவாமியார். வலுசர்ப்பத்தை இந்தப் பக்கத்தில் யார் கண்டது? ஒருவரிடமும் படிக்காதவன் நான். அதனால் கிட்டங்கி ஆற்றங்கரையில் வாயைத் திறந்துகொண்டு வெயில் காயும் பெரிய முதலையை இரண்டு மாதம் போய்ப் போய்ப் பார்த்தேன். வாலுக்குத் திருக்கோவில் ஊர்ச் சைவக் கோயில் தேரில் செதுக்கிய மகரத்தைப் பார்த்தேன், "வேதக்காரருக்குத் தேரடியில் என்ன வேலை?" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொன்னேன். முதுகுக்கு வெடித்த வயல் சேறு. சம்மனசின் செட்டைக்குச் செம்பருந்து.

படம் முடிந்ததும் தொடங்கியது தொல்லை. ஆற்றில் முதலையை ஒரு கிழமையாய்க் காணவில்லையாம், அது கோயில் சுவருக்கு வந்துவிட்டதாம். மீன் விற்கிற செலீனா மெழுகுதிரி கொண்டுவந்து முதலையின் மூக்குக்கு நேரே ஏற்றினாள். கேட்டதுக்கு, "சம்மனசு எப்பவும் நல்லவர்தானே மாமா, இவரைத்தானே சமாதானப்படுத்த வேணும்" எண்டு எனக்கே புத்தி சொல்றாள். அவளைப் பார்த்து மற்றவளும் ஏற்ற, ஒருத்தி கோழிக்குடலும் கொண்டுவந்து வைக்க, குடலுக்கு நாய்கள் உள்ளே வர, சுவாமியார் பூசை நடுவில் திரும்பிப் பார்த்தால் சனம் முழுக்கப் பக்கச் சுவரைக் கும்பிட்டுக்கொண்டு நிக்குது. "பசாசுக்குக் கோயில் கட்டித் தந்திட்டாய்" எண்டார். "சனம் மடச்சனம் எண்டா சுவர் என்ன செய்யும் சுவாமி?" எண்டேன். அதுக்குப் பிறகு அவர் என்னோட கதைக்கிறதில்லை.

சாய்ந்தமருதில் சுண்ணாம்பு விற்கிற என் கூட்டாளி சீனிமுகம்மது வாசலில் நிண்டு எட்டிப் பார்த்தான். "உயிருள்ளதைக் கீறாதங்க எண்டு எங்கட ஆக்கள் சொல்றது இதுக்குத்தான். இப்ப பாருங்க, தீனி கேக்குது" எண்டு சொல்லிப்போட்டு, சனிக்கிழமைக்கு எத்தனை மூட்டை வேணும் எண்டும் விசாரிச்சிட்டுப் போனான்.

என் மற்றப் படங்களெல்லாம் வெள்ளத்திலும் கறையானிலும் போய்விட்டன. அறுபத்தெட்டு வயதில் மிச்சம் இருப்பது இந்தச் சுவர் ஒன்றுதான். படத்தில் ஒரு குறையும் இல்லை. குறை சனத்தின் கண்ணில். ஒரு கோட்டையும் மாற்றமாட்டேன் என்று ஆண்டகையிடம் சொல்லுங்கள்.

செசிலிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். சேசு மரி சூசை உங்கள் வீட்டுக்குக் காவல் நிற்க.

இப்படிக்கு,
சவிரிமுத்து

பி.கு.: செவ்வாய் காலை. தபாலில் போடுமுன் கோயிலுக்குப் போனேன். தோணிக்கார அல்பேட் தனியே நின்றான். அவன் தம்பியை அந்த முதலைதான் இழுத்தது. அவன் மெழுகுதிரி கொண்டுவரவில்லை. துடுப்பைப் பிடித்தபடி முதலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்தேன். பிறகு என் சம்மனசின் முகத்தைப் பார்த்தேன். அது செபப்புத்தகத்து அட்டைப் படத்தைப் பார்த்துக் கீறியது, மச்சான். சனம் சரியாகத்தான் கும்பிட்டிருக்கிறது. ஆண்டகையிடம் போகவேண்டாம். சம்மனசை நானே சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டேன். புதுச் சம்மனசின் முகத்தை நான் பார்த்துக் கீற அல்பேட் மாசம் முழுக்க வந்து நிற்கச் சம்மதித்திருக்கிறான். அதுவரை சுவரில் முதலை மட்டும்தான். சுவாமியாருக்கு இன்னும் தெரியாது.