சியேனாவின் சட்டம்

சுவரை இடிக்க ஓங்கிய அலவாங்கின் முனை என் வயிற்றுக்கு நாலு அங்குலம் தள்ளி நின்றது. நான் குசினிச் சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுங்கோ அண்ணை," என்றான் மேசன் அடைக்கலநாதன்.

"இது கடலிலை எடுத்த முருகைக்கல் சுவர். என்ரை அப்பா கட்டினது. ஒரு கல்லையும் தொடாதை."

"வீட்டுக்கார அக்காதானே இடிக்கச் சொன்னவ."

"சியேனாவிலை எழுநூறு வருசத்துச் சுவர் நிக்குது. அங்கை ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் நகரசபையைக் கேக்கவேணும்."

"அது எங்கை கிடக்கு?"

"இத்தாலியிலை."

அவன் அலவாங்கை நிலத்தில் ஊன்றினான். "இது மயிலிட்டி அண்ணை."

இத்தாலியில் இருக்கும் எங்கள் மகள் தாரிகா, போன மாதம் எங்கள் இருவரையும் அழைத்து சியேனாவைக் காட்டினாள். செங்கல் நகரம். விசிறிபோலச் சரிந்த பெரிய முற்றம், அதன் ஓரத்தில் ஒரு கோபுரம், எல்லாம் வைத்தது வைத்தபடி. எனக்குக் கால் நொந்தது. அதுதான் தெளிவாக ஞாபகம். என் மனைவி ஜெயகௌரி வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள். அவன் சொன்ன ஒவ்வொன்றையும் தாரிகாவிடம் தமிழில் கேட்டுக்கொண்டாள். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

உங்களிடம் மறைப்பானேன். எனக்குச் சுவரில் பெரிய பற்று ஒன்றும் இல்லை. குசினிக்குப் பின்னால் என் சாய்மனைக் கதிரை நிற்கிறது. பகல் இரண்டு மணிக்கு அங்கே கடற்காற்று வரும். மயிலிட்டியில் அந்த நேரத்தில் காற்று வரும் இடம் அது ஒன்றுதான். வேறு இடங்களுக்கும் வரலாம். நான் எழும்பிப் போய்ப் பார்த்ததில்லை. முதல் நாள் பின்னேரம் அந்தக் கதிரையைச் சுற்றி நாலு மர முளைகள் அடித்திருப்பதைக் கண்டேன். புதுக் குசினி என் காற்றுக்கு மேல் வரப்போகிறது. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஜெயகௌரி வெளியே வந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பிய நாள் முதல் அந்த ஒற்றை யன்னல் குசினிக்குள்தான் விறகோடு மல்லுக்கட்டுகிறாள். விரிந்திருந்த என் கைகளைப் பார்த்தாள்.

"அவர் சொல்லுறதும் சரிதான் தம்பி," என்றாள் மேசனிடம். "பாதுகாப்பம். நீ போ, சொல்லியனுப்புறன்."

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. முன்பின் பார்த்திராததால் அது வெற்றிதானா என்று எனக்குச் சரிபார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை என் மோட்டார்சைக்கிள் றோட்டில் நின்றது.

"ஆர் இதை வெளியிலை விட்டது?"

"மதிலுக்குள்ளை வாகனம் விடேலாது," என்றாள். "சியேனாவிலை பஸ்ஸை வெளியிலை விட்டிட்டு நடந்துதானே போனனாங்கள். மறந்துபோனியளே?"

"அது நகரம்."

"நகரசபையைக் கேக்கவேணும் எண்டது நீங்கள்தானே. அங்கை முந்தி ஒன்பது பேர் கூடி ஆண்டவையாம். எங்களுக்கு ரெண்டு பேர் காணும். நானும் பக்கத்து வீட்டு இரத்தினம்மாக்காவும்."

"அப்ப நான்?"

"நீங்கள் மக்கள்."

மத்தியானம் மக்களுக்குப் பசித்தது. குசினி வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

"சுவரிலை புகை படியக்கூடாது," என்றாள். "நான் இரத்தினம்மாக்கா வீட்டிலை சமைக்கிறன்."

"எனக்கு?"

"ஊர் பாக்கப் போனவைக்கு சியேனாவிலை ஆர் வீட்டிலை சோறு போட்டது? கடையிலை வாங்கித்தானே திண்டனாங்கள்."

பேக்கரிக்கு நடந்து போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்தேன். அதைச் சீனியோடு தின்றேன். வேலிக்கு அப்பால் பாரை மீன் குழம்பு கொதித்தது. வேலி மணத்தைத் தடுக்கவில்லை. வேலிக்கு மேல் இரத்தினம்மாவின் தலை தெரிந்தது.

"சோமசேகரம், சாப்பிட்டிட்டீரே?"

"பாண் திண்டனான் அக்கா."

"ஒரு துண்டு மீன் தரலாம்தான். ஆனால் சபை கூடிக் கதைக்க வேணும். உம்மடை மனிசி இப்ப சாப்பிடுறா."

மூன்று நாள் பாண். நான்காம் நாள் மருதனார்மடத்திலிருந்து ஒரு வான் வந்தது. மாதர் சங்கத்தார் பதினேழு பேர் இறங்கினார்கள். சுவர் பார்க்க வந்தவர்களாம். ஜெயகௌரி என்னை முன்னால் தள்ளினாள்.

"இவர்தான் வழிகாட்டி. இத்தாலிக்குப் போய் வந்தவர்."

"இது சுவர்," என்றேன். அதற்கு மேல் என்னிடம் விஷயம் இருக்கவில்லை.

"மற்றப் பக்கமும் சுவர்தானோ?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"ஓம்."

சுவரை நாலு நிமிடத்தில் பார்த்து முடித்தார்கள். மணி இரண்டு. காற்று வந்தது. பதினேழு பேரும் அது வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் கால் நீட்டினார்கள். என் கதிரையில் ஒரு பெரிய மனிசி வாயைத் திறந்தபடி நித்திரையானார். நான் வெயிலில், காக்கப்பட்ட சுவருக்குக் காவலாக நின்றேன். போகும்போது, அடுத்த கிழமை மற்றக் கிளைக்காரரையும் கூட்டி வருவதாகச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் ஜெயகௌரியிடம் போனேன்.

"சுவரை இடிப்பம்."

"அது ஏலாது. சபை தீர்மானிச்சுப்போட்டுது. சியேனாவிலை கோயிலைப் பெருப்பிக்க வெளிக்கிட்டு, கொள்ளைநோய் வந்து இடையிலை நிண்டுபோன சுவரையே அவை இடிக்கேல்லை. இது முழுச் சுவர்."

"அப்ப நீர் எங்கை சமைக்கிறது?"

அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து விரித்தாள். தாரிகா கீறி அனுப்பிய வரைபடம்.

"முதல் போட்ட திட்டம் இது. பழைய குசினியை இடிச்சு அதே இடத்திலை புதுசு. பின்னாலை உங்கடை கதிரைக்கு மேலை வெயில் படாமல் கூரை இறக்கி ஒரு பத்தி."

நான் தாளைப் பார்த்தேன். நாலு முளைக்கும் நாலு புள்ளி இருந்தது. பத்தியின் தூண்கள். கதிரையையும் தாரிகா கீறியிருந்தாள்.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? சுவரோடை ஒட்டிக்கொண்டெல்லோ நிண்டியள்."

"இப்ப சொல்லுறன், முதல் திட்டமே நல்லது."

"சுவரைத் தொடாமல் குசினி கட்டுறதெண்டால் வளவிலை ஒரே ஒரு இடம்தான் கிடக்கு. புதன் காலமை ஏழு நாற்பதுக்கு அத்திவாரத்துக்கு நாள்கல். சாத்திரியார் நேரம் குறிச்சுத் தந்திட்டார், இனி மாத்தேலாது." அவள் தாளை மடித்தாள். "காத்து வாற இடம். புகை நிக்காது. எனக்கு முதலிலையே அந்த இடத்திலைதான் விருப்பம். கேட்டால் தரமாட்டியள் எண்டுதான் விட்டிட்டிருந்தனான்."

புதன்கிழமை வீட்டுக்காரன்தான் கல் வைக்க வேண்டும் என்றார்கள். முழுகி, வேட்டி கட்டி, கிழக்கே பார்த்துக் கல்லை வைத்தேன். இரத்தினம்மா வெற்றிலைத் தட்டைப் பிடித்தார். ஜெயகௌரி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, யன்னல் எந்தப் பக்கம் என்று மேசனுக்குக் கை காட்டினாள். அடைக்கலநாதன் அளவு நூலை விரித்துக்கொண்டு மற்ற மூலைக்குப் போனான். என் காலடியில் கிடந்த நுனி தொய்ந்திருந்தது. குனிந்து எடுத்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தேன்.